பி.பி. நம்பரில் ஒரு பந்தயம்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வீட்டு டெலிபோன் அடித்தால் ஐயாதுரை ரிசீவரைத் தொட மாட்டான். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டுவான். மேஜைமேல் இருக்கும் சோப்பு டப்பா அளவு மோடம் போனை எடுக்கும். கரகரவென்றும் கீச்சென்றும் இரண்டு மெஷின்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். அரை நிமிடத்தில் சத்தம் அடங்கி, திரையில் ஒரு ரோடு விரியும். ரோட்டில் இரண்டு கார்கள். நீலக் கார் ஐயாதுரை ஓட்டுவது. சிவப்புக் கார் பியூலாவுடையது.

பியூலா அவன் மகள், பன்னிரண்டு வயது. அவன் ராஜபாளையத்தில் இருந்து நீலக் காரை ஓட்ட, அரை மணி பஸ் தூரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய்மாமன் ரத்தினத்தின் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அவள் சிவப்புக் காரை விரட்டுவாள். ஐந்து மணிக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அதுவரை அந்த ஒரு மணி நேரம் அப்பாவுக்கும் மகளுக்கும் சொந்தம்.

ஐயாதுரையும் கிருபாபாயும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. குடி, அடி என்று எதுவும் இல்லை. அவன் நூல் மில்லில் எலக்ட்ரீஷியன், அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிருபாபாய் பாஸ்டர் முன்னால் சொன்ன குறை ஒன்றுதான். “இவியகிட்ட ஒரு வார்த்தை பேச ஆரம்பிச்சா, அது காதுல விழுறதுக்கு முந்தி கையில ஸ்குரூ டிரைவர் வந்துருது.” பாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிருபாபாய் சிரிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள்.

மாதத்துக்கு ஒருமுறை சர்ச் வளாகத்தில் மகளைப் பார்க்கலாம், போனில் பேசி அவள் மனதைக் கலைக்கக்கூடாது என்று பேசி முடித்தார்கள். ரத்தினத்துக்கு அத்தான் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. சென்டருக்கு மோடம் வாங்கிய வாரமே அவன்தான் வழி சொன்னான். “பேசக்கூடாதுன்னுதான் அக்கா சொல்லியிருக்கா அத்தான். வெளையாடக்கூடாதுன்னு சொல்லலியே?” அக்காவிடமும் அதையே சொன்னான். அவள் பதில் சொல்லாமல் டூட்டிக்குக் கிளம்பிப் போனாள். அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

ஐயாதுரை மில்லில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கினான். மோடத்தை மதுரையில் வாங்கினான். தைப்பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை பந்தயம் தொடங்கியது.

தொடங்கிய வேகத்தில் நின்றது. நான்கு நிமிடத்துக்கு ஒருதரம் லைன் அறுந்தது. அறுந்தால் சிவப்புக் கார் உடனே மறையாது. மறுபக்கத்தில் இருந்து சேதி வராவிட்டாலும் மெஷின் தன் போக்கில் அதைக் கொஞ்ச தூரம் நேராக ஓட்டிக்கொண்டே போகும். வளைவு வரும். கார் வளையாது. சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். 

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். ஐயாதுரைக்கு ஒரு பழுது கிடைத்தால் போதும், சோறு வேண்டாம். கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் டெலிபோன் கம்பியில் மூன்று இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. மூன்றையும் பிரித்துச் சுரண்டி ஈயத்தால் பற்றவைத்தான். பக்கத்து வீட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி நான்கு ஓடியது. அந்த மோட்டார் கிளம்பும்போதெல்லாம் டெலிபோனில் ஒரு முனகல் கேட்கும். தறிக்குப் போகும் கரண்ட் கம்பிக்கு ஒட்டினாற்போல் போன டெலிபோன் கம்பியை அவிழ்த்து, பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தான். பிறகு மோடத்தைப் பிடித்துக்கொண்டான். வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். வேகமாகப் போய் விழுவதைவிட நிதானமாகப் போய்ச் சேர்ந்தால் போதும். வந்த சேதியில் பிழை இருந்தால் திரும்பக் கேட்டு வாங்குவது மோடத்தின் வழக்கம். அதனால்தான் கார் தயங்கித் தயங்கிப் போனது. அந்த வழக்கத்தையும் நிறுத்தினான். இதே மாற்றங்களை ஒரு தாளில் எழுதி ரத்தினத்துக்குத் தபாலில் அனுப்பினான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை முப்பத்தைந்து நிமிடம் லைன் அறாமல் நின்றது. விளையாட்டுத் திரையின் அடியில் ஒரு வரி டைப் அடித்து அனுப்பலாம். பியூலா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். ‘அப்பா இன்னைக்கு கார் தண்ணி மாதிரி போகுது.’ அன்றைக்கு மில்லில் நைட் ஷிப்ட். ஐயாதுரை சீட்டியடித்துக்கொண்டே போனான்.

ஏப்ரலில்தான் கிருபாபாய்க்கு மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பியூலாவை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பெங்களூரில் பெரியம்மா தங்கபாய் இருக்கிறாள், அங்கே ஹாஸ்டலில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் ராஜபாளையத்தில் அப்பாவோடு இருக்கட்டும். பள்ளிக்கூடம் திறக்குமுன் பிள்ளையே வாய் திறந்து சொல்ல வேண்டும், யாரும் அவளிடம் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பாஸ்டர் முடிவு சொன்னார். ஐயாதுரை ஒப்புக்கொண்டான். கேட்கக்கூடாது, அவ்வளவுதானே? லைன் மட்டும் அறாமல் நின்றால் பிள்ளை தானாகவே தன் பக்கம் வந்துவிடும் என்று அவன் நம்பினான். அவனுக்குத் தெரிந்த வேலை அதுதான்.

லைனில் இப்போது ஒரே ஒரு பழுதுதான் பாக்கி இருந்தது. அது கம்பியில் இல்லை. தெருவில் இருந்தது.

அந்தத் தெருவில் முதலில் வந்த டெலிபோன் ஐயாதுரையுடையது. கிருபாபாயின் டூட்டிக்காக எழுதிப்போட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. வந்த மாதமே அது தெருவுக்குப் பொதுவாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் அவன் நம்பரைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்தார்கள். அந்த இரண்டு எழுத்துக்கு, போன் நம்முடையது இல்லை, ஆனால் கூப்பிட்டால் ஆளை வரவழைத்துத் தருவார்கள் என்று அர்த்தம். வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் அதில் எழுதினார்கள். தறிக்கு நூல் அனுப்புகிறவர்கள் அதில் கூப்பிட்டார்கள்.

எதிர்வீட்டு குருவம்மாளுக்கு ஒரே மகன், பால்ச்சாமி. பட்டாளத்தில் ஜம்முவில் இருந்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அங்கே வரிசையில் நின்று கூப்பிடுவான். கிருபாபாய் போன பிறகு குருவம்மாளிடம்தான் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. ஐயாதுரை மில்லில் இருக்கும் நேரத்தில் மணி அடித்தால், அவள் ஓடிவந்து திறந்து எடுப்பாள். யாருக்கு என்ன சேதி என்று கேட்டு, மறக்காமல் போய்ச் சொல்வாள். எழுதத் தெரியாது. ஆனால் ஒரு சேதியும் தவறியதில்லை. அவசரம் என்றால் மில் கேட் வரைக்கும் நடந்துபோய் வாட்ச்மேனிடம் சண்டை போட்டாவது ஆளை வெளியே வரவழைத்துவிடுவாள்.

சனிக்கிழமை நான்கில் இருந்து ஐந்து வரை மட்டும் ரிசீவரை எடுக்காதீர்கள் என்று ஐயாதுரை அவளிடம் சொல்லியிருந்தான். அவளும் எடுப்பதில்லை. மணி அடிப்பது தெரியாமல் இருக்க, அந்த நேரத்தில் தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. நாற்பது நிமிடம் லைன் அறவில்லை. ஒன்பதாவது சுற்றில் சிவப்புக் கார் திடீரென்று வேகம் குறைந்து ஓரமாக நின்றது. ஐயாதுரையும் நீலக் காரை நிறுத்தினான். திரையின் அடியில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

‘அப்பா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.’

 ‘கேளும்மா’ என்று அவன் அடித்தான். மறுபடி எழுத்து வர ஆரம்பித்தது. ‘நான்’ என்று வந்தது.

முன்னறையில் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது.

திரையில் கண்டபடி எழுத்தும் கோடும் ஓடின. லைன் அறுந்தது. ஐயாதுரை முன்னறைக்குப் பாய்ந்தான். குருவம்மாள் ரிசீவரைக் காதில் வைத்து, அது கத்திய கத்தலில் முகம் சுளித்து நின்றாள். போன வாரமே வந்திருக்க வேண்டிய மகனின் போன் வரவில்லை. ஜம்மு பக்கம் குண்டு வெடித்ததாகக் காலையில் ரேடியோவில் சொன்னார்களாம். போன் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று எடுத்தாளாம்.

ஐயாதுரை கத்தவில்லை. கத்தியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். ரிசீவரை வாங்கி வைத்துவிட்டு, “சாவியக் குடுங்கக்கா” என்றான்.

அவள் இடுப்பில் இருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். “எம்மவன் கூப்பிட்டா என்ன சொல்லுவ தம்பி?”

“வேற நம்பர் குடுத்துருங்க.”

“அவனுக்குக் கடுதாசி போய்ச் சேர பத்து நாளாவும்.”

 ஐயாதுரை அதற்குள் டெலிபோனின் அடியில் இருந்த ஸ்குரூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் படியிறங்கிப் போனதைக் கவனிக்கவில்லை.

அன்று மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து அழைப்பு வரவில்லை. மணி ஐந்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து லைனைத் திருத்தினான். முன்னறை டெலிபோனை அடியோடு கழற்றி பீரோவுக்குள் வைத்தான். கம்பியை நேராக மோடத்துக்குக் கொடுத்தான். முதல் மணி அடித்ததுமே மோடம் தானாக எடுத்துவிடும்படி ஒரு கட்டளை கொடுத்தான். கம்ப்யூட்டரை இரவும் பகலும் நிறுத்தாமல், பந்தயத்தைத் தயாராக விட்டுவைத்தான். ஏனென்றால் பியூலா கேட்க வந்த கேள்வி பாதியில் நிற்கிறது. சனிக்கிழமை வரை அவள் காத்திருப்பாளா? நடுவில் ஒருநாள் ரத்தினம் சென்டரில் இடம் கிடைத்தால், அவள் கூப்பிடும் நேரம் எதுவாக இருந்தாலும் அப்பாவின் நீலக் கார் ரோட்டில் தயாராக நிற்கும். நடுவில் புக எவருக்கும் வழியில்லை. தெருக்காரர்கள் யாராவது கூப்பிட்டால் காதில் கீச்சென்று கேட்கும், வைத்துவிட்டுப் போவார்கள்.

எல்லாம் முடித்துவிட்டு, தன் வேலையைத் தானே எட்ட நின்று பார்த்தான். ஒரு குறையும் தெரியவில்லை.

புதன்கிழமை காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தான். திரையில் மூன்று வரிகள் இருந்தன. அழைப்பு வந்த நேரமும், எடுத்த பிறகு மறுபக்கத்தில் மோடம் இல்லை என்ற குறிப்பும். பத்து மணி பன்னிரண்டு நிமிடம். பத்து பதினான்கு. பத்து பத்தொன்பது. மூன்றாவது அழைப்பில் மறுபக்கம் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு வைத்திருக்கிறது.

யாரோ நூல் வியாபாரி. பழைய பி.பி. பழக்கம் லேசில் போகுமா? ஐயாதுரைக்குச் சிரிப்பு வந்தது. ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. மூன்று வரிகளையும் அழித்துவிட்டுச் சோற்றை எடுத்து வைத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரத்தினமே நேரில் வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு நின்றான்.

“போன் பண்ணுனா கீச்சுனு கத்துது. அதான் நேர்ல வந்தேன்.”

“உள்ள வா மாப்ளே. அது நான் போட்ட செட்டிங்கு.”

“நேத்து காலைல எங்க இருந்திய?”

“மில்லுல.”

 ரத்தினம் நடந்ததைச் சொன்னான். நேற்று அவன் மானிட்டர் வாங்க மதுரைக்குப் போயிருந்தான். ஹாஸ்டலில் வியாழக்கிழமைக்குள் சேர்க்காவிட்டால் இடம் போய்விடும் என்று தங்கபாய் அவசரப்படுத்தியதால், புதன்கிழமை காலையிலேயே கிருபாபாய் பியூலாவை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறாள். பஸ் வந்தது. பிள்ளை ஏறவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்பாவோடு இருக்கிறேன் என்று வாய் திறந்து சொல்லிவிட்டாள்.

“அக்கா ஒண்ணும் மறுக்கல அத்தான். எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிட்டுப் போயி, ‘ஒங்கப்பாவுக்குப் போடு. வந்து கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், விட்டுட்டுப் போறேன்’னுருக்கா. ஒங்களுக்குப் பதிலா எதுத்த வீட்டு அம்மா எடுத்தாலும் போதும்னு நெனச்சிருக்கா. புள்ள மூணு தடவ போட்டிருக்கு.”

ஐயாதுரை சிரித்துக்கொண்டே அழித்த மூன்று வரிகள். பத்து பன்னிரண்டு. பத்து பதினான்கு. பத்து பத்தொன்பது.

“மூணாவது தடவ அக்காவே ரிசீவர வாங்கிக் கேட்டிருக்கா,” என்றான் ரத்தினம். “கேட்டுட்டு, ‘போனையும் மெஷினுக்கே குடுத்துட்டாரு’ன்னு மட்டும் சொன்னாளாம்.  பொறவு புள்ள அதுவா போயி பஸ்ல ஏறி உக்காந்துருச்சாம்.”

ஞாயிற்றுக்கிழமை கிருபாபாய் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினாள். ஐயாதுரை மில்லில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டு பெங்களூருக்குப் போனான். தங்கபாய் அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஹாஸ்டலுக்கு அவளே அழைத்துப் போனாள். பார்வையாளர் அறையில் பியூலா புது யூனிபாரத்தில் வந்து எதிரில் உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். சாப்பாடு பரவாயில்லை. இங்கிலீஷில்தான் பேசவேண்டும். கம்ப்யூட்டர் இருக்கிறது, தொடவிட மாட்டார்கள்.

“அன்னைக்கு அப்பா வீட்ல இல்லம்மா. மோடம் எடுத்துருச்சு. அது தானா எடுக்குற மாதிரி நாந்தான்...”

“தெரியும்ப்பா. சத்தத்தக் கேட்டதுமே நம்ம மோடம்தான்னு தெரிஞ்சுச்சு.” அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அது நின்ன பொறவு நீங்க பேசுவியன்னு நெனச்சேன். அதான் ரொம்ப நேரம் வச்சிருந்தேன்.”

அவன் கேட்கக்கூடாது என்று ஒப்புக்கொண்டிருந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டான். “இப்ப அப்பாகூட வந்துருதியாம்மா?”

பியூலா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. “நான் அன்னைக்கே கேட்டேம்ப்பா,” என்றாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சனிக்கிழமை நான்கில் இருந்து ஐந்து வரை ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு ஒரு போன் பேசலாம் என்று வார்டன் சொன்னார். நம்பர் தெரியும்தானே என்று ஐயாதுரை மகளிடம் கேட்டான். தெரியும் என்றாள். போடுவாயா என்று கேட்டதற்கு, “பாப்பம்ப்பா” என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

ஊருக்குத் திரும்பி முதல் வேலையாக மோடத்தைக் கழற்றினான். பீரோவில் இருந்த டெலிபோனை எடுத்து முன்னறையில் மாட்டினான். சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனான். குருவம்மாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சாவியை வாங்க அவள் கை நீட்டவில்லை. தெரு முக்கில் சுயம்புலிங்கம் பலசரக்குக் கடைக்குப் போன் வந்துவிட்டதாகவும், தெருவில் எல்லோரும் அந்த நம்பரையே கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். பால்ச்சாமி நன்றாகத்தான் இருக்கிறானாம். கடிதம் போய்ச் சேர்ந்து, நேற்றுதான் கடைக்குக் கூப்பிட்டானாம். “ஒனக்கும் தொந்தரவு இல்ல பாரு தம்பி,” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அவன் சாவியோடு திரும்பி வந்தான்.

ஜூன் போனது. ஜூலை போனது. அந்த வீட்டில் டெலிபோன் அடிக்கவே இல்லை. சனிக்கிழமைதோறும் மூன்றரைக்கே ஐயாதுரை நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவான். ஐந்துக்கு எழுந்து காபி போடுவான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு மணி அடித்தது. வெளியூர் அழைப்புக்கே உரிய நீண்ட மணி. இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

“யம்மா,” என்றான்.

“அண்ணாச்சி, நான் பால்ச்சாமி பேசுதேன். கடை லைனு அரை மணியா எங்கேஜாவே இருக்கு. எனக்குப் பின்னால இருபது பேரு நிக்கான். அம்மாவக் கொஞ்சம் கூப்பிடுதியளா?”

 ஐயாதுரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். “வைக்காத, வாரேன்,” என்று ரிசீவரை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினான்.

குருவம்மாள் ஈரக் கையோடு வந்து ரிசீவரை எடுத்தாள். அவன் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். உள்ளே அவள் குரல் கேட்டது. அங்க மழையா, சாப்பிட்டியா, லீவு எப்போ, மாடு கன்னு போட்டுருக்கு. மகன் என்னவோ சொல்ல, சிரித்தாள். பிறகு மெல்ல அழுதாள். மறுபடி மாட்டைப் பற்றிச் சொன்னாள். அடுத்த வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரில் வார்டன் மேஜைக்கு முன்னால் ஒரு பிள்ளை இந்த நம்பரைப் போட்டிருந்தால், அதற்கு இப்போது எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். ஐயாதுரை எழுந்து உள்ளே போகவில்லை. தொண்டையைக்கூடச் செருமவில்லை.

நான்கேகாலுக்கு மேல் குருவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் நின்ற ஒருவன் தன் முறையை விட்டுக்கொடுக்க, அவன் நேரத்தையும் வாங்கி மகன் பேசினானாம். “நேரம் கொஞ்சம் கூடப் போயிருச்சு தம்பி.”

“இருக்கட்டும்க்கா.”

ஐந்து வரைக்கும் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஐந்து அடித்த பிறகு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். லைன் சுத்தமாக இருந்தது. ஒரு கரகரப்பு இல்லை.